கடல்நீரிலிருந்து கரியமில வாயு: கணக்கு எங்கே இடிக்கிறது?

இங்கிலாந்தின் தென்கரையில் வேமத் என்ற ஊரில் 2025இல் ஒரு சிறிய ஆலை ஓடத் தொடங்கியது. பெயர் சீக்யூர்; பிரிட்டன் அரசு 30 லட்சம் பவுண்டு கொடுத்திருக்கிறது. கூழாங்கல் கரைக்கு அடியில் போகும் குழாய் கடல்நீரை இழுத்து வருகிறது. அமிலம் சேர்த்ததும், நீரில் கரைந்திருந்த கரிமம் வாயுவாகப் பிரிந்து வெளியேறுகிறது. அதைத் தேங்காய் மட்டைக் கரியில் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு காரம் கலந்து அமிலத்தை முறித்து, நீரைக் கடலுக்கே விடுகிறார்கள். ஆண்டுக்குப் பிடிப்பது அதிகபட்சம் 100 டன் வாயு.

இதன் வேதியியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு லிட்டர் கடல்நீரில், பெரும்பாலும் பைகார்பனேட்டாக, சுமார் 100 மில்லிகிராம் கரியமில வாயு அடங்கியிருக்கிறது. அதே அளவு காற்றில் உள்ளதைப் போல ஏறத்தாழ 150 மடங்கு. காற்றிலிருந்து நேரடியாகப் பிடிக்கும் ஆலைகளுக்கு ராட்சத மின்விசிறிகள் வேண்டும். இங்கே அந்த வேலையைக் கடற்பரப்பே செய்துவிடுகிறது. இது பெரிய அனுகூலம்.

ஆனால் அதே 100 மில்லிகிராமைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முழுவதையும் பிரித்தெடுத்தால்கூட ஒரு டன் வாயுவுக்கு 10,000 டன் நீரை இறைக்க வேண்டும். நூறு கோடி டன்னுக்கு 10,000 கன கிலோமீட்டர்; அமேசான் ஆறு ஓராண்டில் கடலில் கொட்டும் நீரைவிட அதிகம். உலகம் எரிபொருளை எரித்து வெளியிடுவதோ ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன். மின்சாரமும் சும்மா வராது. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட மின்வேதி முறைக்கே டன்னுக்குச் சுமார் 770 யூனிட் ஆகிறது. அது நிலக்கரி மின்சாரமானால், ஒரு டன்னைப் பிடிப்பதற்குள் முக்கால் டன்னுக்கு நெருக்கமாகப் புகைபோக்கி வழியே போய்விடும்.

இவற்றைவிடப் பெரிய குறை ஆலைக்கு வெளியே இருக்கிறது. ஆலை எடுப்பது கடலின் கரிமத்தை. அந்த நேரத்தில் காற்றிலிருந்து ஒரு கிராம்கூடக் குறைவதில்லை. கரிமம் இழந்த நீர் காற்றிலிருந்து மறுபடி உறிஞ்சினால்தான் பலன். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், சில இடங்களில் ஓராண்டைத் தாண்டும். அதற்குள் அந்த நீர் ஆழத்துக்கு இறங்கிவிட்டால் பலன் நூற்றாண்டுக்கணக்கில் தள்ளிப்போகும். நாலா பக்கமும் கலந்து பரவும் நீரைத் தொடர்ந்து போய் அளக்க மீட்டர் கிடையாது. கணினி மாதிரிகளின் மதிப்பீடுதான் கையிலிருப்பது. அப்படியிருக்க, குழாயில் பிடித்த டன்னையே காற்றிலிருந்து நீக்கிய டன் என்று கார்பன் சந்தையில் விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த டன்னை வாங்கியவர் அதைக் காட்டித் தன் புகையை நிம்மதியாகத் தொடர்வார்.

உயிரினங்களின் பாடு தனி. உறிஞ்சு குழாயோடு போகும் மீன்முட்டைகளும் லார்வாக்களும் அமிலத்தில் பிழைக்காது. கரிமம் குறைந்த நீர் சிப்பிகளையும் மிதவை நுண்ணுயிர்களையும் என்ன செய்யும் என்று எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறார்கள். அந்த வேலை ஆலையை விரிவாக்கும் முன் முடிய வேண்டும்.

ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் தாராளமாகப் போகட்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் குழாயும் வடிகட்டியும் ஏற்கெனவே இருக்கின்றன. அடுத்த சோதனைகளை அங்கேயே வைத்தால் புதிதாக ஒரு துளி நீரும் இறைக்க வேண்டாம். கடல் திரும்ப உறிஞ்சியதற்குச் சுயேச்சையான ஆய்வாளர்கள் சான்று தரும்வரை ஒரு டன்கூட விலைபோகக் கூடாது.