முதல் அரை மைல்

1988 மே மாதம் வின்னிங் கலர்ஸ் ஜெயித்த கென்டக்கி டெர்பியை, முடிவு நேரத்தை மட்டும் பார்க்கிறவர்கள் சாதாரண ஓட்டம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பத்து பர்லாங்குக்கு 2 நிமிடம் 2.2 வினாடி, செக்ரடேரியட் 1973-இல் இரண்டு நிமிடத்துக்குள் முடித்த அதே தூரம்தான். ஆனால் அந்த நேரத்தைக் கால் மைல் கால் மைலாகப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு: 23, 23.8, 24.6, 24.6, கடைசியில் 26.2. என் கண் எப்போதும் நிற்பது நடுவில் இருக்கும் அந்த இரண்டு 24.6-இல்தான். பதினேழு குதிரைகள் ஓடும் பந்தயத்தில், பின்னால் பதினாறு ஆண்குதிரைகள் துரத்திவர, மூன்று வயதுப் பெண்குதிரை ஒருத்தி அரை மைல் தூரத்தை ஒரே சீரில் ஓடியிருக்கிறாள். ஜாக்கி கேரி ஸ்டீவன்ஸ் அவளை முந்தவும் விரட்டவில்லை, இழுத்துப் பிடித்துச் சண்டையும் போடவில்லை. கடைசிக் கால் மைலில் அவள் தளர்ந்தாள் என்பது நிஜம். ஃபார்ட்டி நைனர் என்ற ஆண்குதிரை நெருங்கி வந்து கழுத்தளவு வித்தியாசத்தில் தோற்றது. அந்தக் கழுத்தளவு, நடுவில் மிச்சம் பிடித்த மூச்சில் கிடைத்தது.

இளம் பெண்குதிரைகளின் பந்தயத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது எவ்வளவு வேகமாக ஓடினாள் என்பதல்ல, முதல் அரை மைலை யாருடைய விருப்பப்படி ஓடினாள் என்பதே. மண் தடத்தில் கடைசிக் கால் மைலில் ஏறக்குறைய எல்லாக் குதிரைக்கும் வேகம் குறையத்தான் செய்யும். குறைவாகத் தளர்கிறவள் ஜெயிக்கிறாள். நாலுகால் பாய்ச்சலில் குதிரைக்கு ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு மூச்சுதான். பக்கத்தில் ஒருவன் ஒட்டிக்கொண்டு வரும்போது அவள் தலையைத் தூக்குகிறாள், கடிவாளத்தோடு மல்லுக்கட்டுகிறாள், பாய்ச்சலின் நீளம் குலைகிறது, அதோடு மூச்சின் ஒழுங்கும் குலைகிறது. அவளைத் தனியே முன்னால் விட்டால் கழுத்து தாழ்கிறது, முகத்தில் மண் வந்து அடிப்பதில்லை, அதே வேகம் பாதி உழைப்பில் வருகிறது. ஆகவே அந்த டெர்பியின் முதல் அரை மைல் 46.8 என்ற எண் மட்டும் எதையும் சொல்லாது. யாரும் சீண்டாத 46.8-உம், தோளுரசிக்கொண்டு ஓடிய 46.8-உம் ஒன்றல்ல.

இதற்குச் சாட்சி வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அவளே இரண்டு வாரத்தில் தந்தாள். டெர்பிக்கு முன் சான்டா அனிடா டெர்பியில் ஆண்குதிரைகளை ஏழரை லெங்த்தில் (ஒரு லெங்த் என்பது குதிரையின் உடல் நீளம்) தோற்கடித்தபோதும், டெர்பி நடந்த சர்ச்சில் டவுன்ஸிலும், முன்னணி அவளுக்குச் சும்மா கிடைத்தது. டெர்பிக்கு அடுத்து வந்த பிரீக்னஸ் பந்தயத்தில் ஃபார்ட்டி நைனரின் ட்ரெய்னர் வுடி ஸ்டீபன்ஸ் அதை இன்னொரு முறை கொடுக்கத் தயாராக இல்லை. பாட் டே ஓட்டிய ஃபார்ட்டி நைனர் ஆரம்பம் முதலே அவளை ஒட்டிக்கொண்டது. இரண்டும் தடத்தின் நடுப்பகுதிக்கு விலகிப்போக, உள்பக்கம் திறந்த வழியில் ரைசன் ஸ்டார் புகுந்து ஜெயித்தது. வின்னிங் கலர்ஸ் மூன்றாவது, ஃபார்ட்டி நைனர் ஏழாவது. அதே குதிரை, அதே ஜாக்கி, தூரம்கூட அரை பர்லாங் குறைவு. மாறியது பேஸ் (ஆரம்ப ஓட்டத்தின் வேகப் போக்கு) ஒன்றுதான். அந்தத் தந்திரத்தை அன்று பலர் திட்டினார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. தன் குதிரையின் வாய்ப்பையே பணயம் வைத்து இன்னொரு குதிரையின் பலவீனத்தைக் காட்டிக்கொடுத்த ஓட்டம் அது. அதற்கடுத்த பெல்மான்ட் பந்தயத்தில் பன்னிரண்டு பர்லாங்கையும் முன்னணியிலிருந்து ஓட முயன்று கடைசியாக வந்தாள்.

இந்த வாதத்துக்கு மறுப்பு உண்டு. தரமுள்ள குதிரைக்குப் பேஸ் ஒரு பொருட்டே அல்ல என்பார்கள். ரேச்சல் அலெக்சாண்ட்ராவைக் காட்டுவார்கள். காட்டத் தகுந்தவள்தான். 2009-இல் சரடோகாவில் வுட்வர்ட் ஸ்டேக்ஸ், எதிரில் வயது முதிர்ந்த ஆண்குதிரைகள். முதல் கால் மைல் 22.85, அரை மைல் 46.41, அதற்கு மேல் விடாத நெருக்கடி. அப்படியும் மாச்சோ அகெய்னைத் தலையளவில் தடுத்து ஜெயித்தாள். அந்தப் பந்தயத்தை அதுவரை எந்தப் பெண்குதிரையும் ஜெயித்ததில்லை. ஆனால் அதே வருஷம் தன் வயதுப் பெண்குதிரைகளோடு ஓடிய கென்டக்கி ஓக்ஸில் இருபதே கால் லெங்த், மதர் கூஸில் பத்தொன்பதே கால் லெங்த். எதிரிகளின் தரம் இந்த இடைவெளிக்குப் பெரிய காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் வுட்வர்டுக்குப் பிறகு அவள் அந்த வருஷம் ஓடவில்லை. அடுத்த வருஷம் வந்தவள் பழைய ரேச்சல் அல்ல. தரம் என்பது கடுமையான பேஸுக்கு விலை கொடுக்கும் சக்தி. விலையே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

பின்னாலிருந்து பாய்ந்து வருகிறவர்களின் ரசிகர்கள் இன்னொரு கட்சி. முன்னணியில் ஓடுவதில் கலை என்ன இருக்கிறது, கடைசித் திருப்பத்துக்குப் பிறகு வருவதல்லவா அழகு என்பது அவர்கள் கேள்வி. ஜெனுயின் ரிஸ்க் 1980 டெர்பியை அப்படித்தான் பின்னாலிருந்து வந்து வென்றாள். பெர்சனல் என்சைன் 1988 பிரீடர்ஸ் கப் டிஸ்டாஃபில் ஈரத் தடத்தில் தடுமாறி, வெகு தூரம் பின்தங்கி, கடைசியில் மூக்கு நுனியில் ஜெயித்து, 13 பந்தயத்துக்கு 13 வெற்றியோடு ஓய்வு பெற்றாள். அந்த ஓட்டத்தை நானும் கொண்டாடுகிறேன். ஆனால் அவள் அன்று பிடித்தது யாரை? வின்னிங் கலர்ஸைத்தான். பெல்மான்ட்டில் கடைசியாக வந்தவள், தன் போக்கில் முன்னால் போக வழி கிடைத்ததும், தோல்வியே அறியாத நான்கு வயதுக் குதிரையிடம் மூக்கு நுனிவரை தாக்குப்பிடித்தாள். பின்னாலிருந்து வருகிறவளின் வெற்றியைப் பாதி எழுதுவது முன்னால் ஓடுகிறவள்தான்.

பேஸைப் புறப்படும் கேட்டிலேயே தீர்மானிக்க வேண்டும் என்பதும் இல்லை. 2020 பிரீக்னஸில் ஜாக்கி ராபி அல்பராடோ ஸ்விஸ் ஸ்கைடைவர் என்ற பெண்குதிரையைப் பின்நேர்கோட்டில், யாரும் எதிர்பாராத இடத்தில், உள்பக்கமாக விட்டு முன்னணியைப் பறித்தார். டெர்பியை முன்னாலிருந்தே ஜெயித்த ஆதென்டிக், அன்று துரத்துகிறவனாக மாறிக் கழுத்தளவில் தோற்றது. பெண்குதிரைக்கு 121 பவுண்டு, ஆண்குதிரைக்கு 126 என்ற ஐந்து பவுண்டு சலுகையை இதற்குக் காரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. சலுகை எல்லாப் பெண்குதிரைக்கும்தான் கிடைக்கிறது. அந்த இடத்தில் அந்தத் துணிச்சல் எல்லா ஜாக்கிக்கும் வருவதில்லை.

என் மனக்குறை இங்கேதான். ஓக்ஸில் அதிகபட்சம் பதினாலு குதிரைகள், டெர்பியில் இருபது. முன்னணிக்கு உண்மையான போட்டி டெர்பியில்தான் இருக்கும். 2013 முதல் வந்த புள்ளி முறையில், பெண்குதிரைகளுக்கான பந்தயத்தில் சேர்த்த புள்ளி டெர்பிக்குச் செல்லாது. சான்டா அனிடா டெர்பியை ஜெயித்த வின்னிங் கலர்ஸுக்கு இன்றும் இடம் கிடைத்திருக்கும். ஃபேர் கிரவுண்ட்ஸ் ஓக்ஸ், ஃபேன்டசி என்று தன் வகைப் பந்தயங்களிலேயே வளர்ந்த ரேச்சலுக்குக் கிடைத்திருக்காது. 2010-இல் டெவில் மே கேர் ஓடியதற்குப் பிறகு டெர்பியில் ஒரு பெண்குதிரைகூட ஓடவில்லை. ட்ரெய்னர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓக்ஸ் பரிசும் புள்ளியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, வசந்தத்தின் ஆரம்பத்திலேயே ஆண்குதிரைகளோடு மோதவிட யார் முன்வருவார்கள்? விளைவாக, சுலபமான முன்னணியில் பத்து லெங்த்தில் ஜெயிக்கிறவளுக்கு ஒரு பெரிய வேக மதிப்பெண் போட்டுப் பாராட்டுகிறார்கள். தோளோடு தோள் உரச ஒருவன் வந்தால் அவளுடைய மூன்றாவது, நான்காவது கால் மைல்கள் எப்படி இருக்கும் என்பது தெரியாமலே அவள் இனப்பெருக்கப் பண்ணைக்குப் போய்விடுகிறாள்.