வாசலைக் கடக்கும் வயது

இராமேசுவரம் தீவில் நமக்கு நெடுநாள் பழக்கமான மீனவக் குடும்பம் ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது அவ்வீட்டு மகள் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிகள் மீண்டும் திறந்த பின்னரும் அவள் திரும்பிச் செல்லவில்லை. தாய் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். தாமே மகளுக்குக் கற்பித்தார். கணக்கும் ஆங்கிலமும் தாயிடம். காற்றின் குணமும் கடலின் குணமும் தந்தையிடம். கதைகள் எல்லாம் பாட்டியிடம் என்று அவள் கல்வி நடந்தது. பதினான்கு வயதை எட்டிய நிலையில், தான் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்று அவளே கேட்டாள். எட்டாம் வகுப்பா, ஒன்பதாம் வகுப்பா? ஊர் அரசுப் பள்ளியா, இராமநாதபுரத்தில் விடுதியுடன் கூடிய பள்ளியா? வீட்டில் ஆளுக்கொரு கருத்து. நம்மிடமும் கேட்டார்கள். உடனே விடை சொல்ல நமக்குத் துணிவில்லை. அத்தீவிலேயே பிறந்து, ஏறத்தாழ அதே வயதில் வீட்டு வாசலைக் கடந்த ஒருவரின் நூலை எடுத்து மறுபடியும் வாசித்தோம்.

ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்கள் அருண் திவாரியின் துணையுடன் ஆங்கிலத்தில் எழுதிய தன்வரலாறு 1999இல் வெளிவந்தது. மு. சிவலிங்கம் அவர்களின் தமிழாக்கத்தில் ‘அக்கினிச் சிறகுகள்’ என்னும் பெயரில் அது நம் இல்லங்களுக்குள் நுழைந்தது. பள்ளி ஆண்டு விழாக்களில் பரிசாக வழங்கப்படும் நூல் அது. ஆயின், பரிசாகப் பெறும் நூல்களை நாம் பெரும்பாலும் முடிவிலிருந்தே வாசிக்கிறோம். ஏவுகணையும் குடியரசுத் தலைவர் பதவியும் நம் கண்முன் நிற்பதால், முதல் அத்தியாயங்களில் வரும் சிறுவன் வருங்காலப் பெரியவரின் முன்னோட்டமாக மட்டுமே நமக்குத் தெரிகிறான். அவனை அவன் வயதிலேயே வைத்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

கலாம் வீட்டிலேயே பயின்றவர் அல்லர். இராமேசுவரத்தின் தொடக்கப் பள்ளியில் படித்தவர். எனினும் அந்நூலின் தொடக்கப் பக்கங்களில் பள்ளியைவிட வீடும் கரையும்தான் அவருக்கு மிகுதியாகக் கற்பிக்கின்றன. தொழுகையின் பொருளைத் தந்தை ஜைனுலாப்தீன் எளிய தமிழில் விளக்குகிறார். பயணிகளை ஏற்றிச் செல்லும் மரப்படகு கரையில் உருவாவதைச் சிறுவன் அருகிருந்து பார்க்கிறான். வயதில் மிக மூத்த அகமது ஜலாலுதீன் நண்பராகி, தீவுக்கு அப்பால் உள்ள உலகைப் பற்றிப் பேசுகிறார். எஸ். டி. ஆர். மாணிக்கம் தம் நூல்களைப் படிக்கக் கொடுக்கிறார். உலகப் போர்க் காலத்தில் புளியங்கொட்டை பொறுக்கிக் காசு சேர்த்ததும், ஓடும் இரயிலிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைச் சேகரிக்க உறவினர் சம்சுதீனுக்கு உதவியதும் அவருக்குப் பாடங்களே. இப்பகுதிகளில் நூலாசிரியர் உபதேசம் செய்வதில்லை. நடந்ததைச் சொல்லி நகர்கிறார். நூலின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து.

வீடு இவ்வளவு கற்றுத்தந்த பிறகும் சிறுவன் வெளியேற விரும்புகிறான். 1931இல் பிறந்தவர், போர் முடிந்து நாட்டு விடுதலை நெருங்கிக்கொண்டிருந்த வேளை. ஆகவே அப்போது அவருக்குப் பதினான்கு, பதினைந்து வயது இருக்கலாம். மாவட்டத் தலைநகராகிய இராமநாதபுரத்திற்குச் சென்று படிக்க அனுமதி கேட்கிறார். இன்றைய கணக்கில் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் என்பது பேருந்தில் ஓர் உறக்கத்தின் தூரம். சாலைப் பாலம் 1988இல்தான் வந்தது. அன்று தீவை நிலத்தோடு இணைத்தது 1914இல் திறக்கப்பட்ட இரயில் பாலம் மட்டுமே. அதனைக் கடப்பது வீட்டை விட்டுப் போவதுதான்.

இக்காட்சியில் நாம் கவனிக்க வேண்டியது, யார் கேட்டார், யார் இசைந்தார் என்னும் வரிசை. கேட்டவர் மகன். இசைந்தவர் தந்தை, அவர் மகனைத் தடுக்கவுமில்லை, தள்ளவுமில்லை. தயங்கிய தாய் ஆஷியம்மாவுக்குக் கலீல் கிப்ரானின் சொற்களை எடுத்துக்காட்டித் தந்தை ஆறுதல் கூறியதாக நூல் சொல்கிறது. தீவில் படகுத் தொழில் செய்த பெரியவர் கிப்ரானை எடுத்துரைத்திருப்பாரா, அல்லது மகன் பின்னாளில் படித்தது நினைவின் வழியே தந்தையின் வாயில் வந்து அமர்ந்ததா என்ற ஐயம் வாசகனுக்கு எழுவது இயல்பு. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தாய் என்ன மறுமொழி சொன்னார் என்பது நூலில் இல்லை. அவர் செய்து தரும் போளியின் சுவை இருக்கிறது. அவர் குரல் இல்லை. பின்னர் சென்னையில் பொறியியல் படிக்கப் பணம் தேவைப்பட்டபோது, சகோதரி ஜோஹரா தம் நகைகளை அடகு வைக்கிறார், அவரும் பேசுவதில்லை. பெண்கள் கொடுக்கிறார்கள், ஆண்கள் விளக்குகிறார்கள் என்பதே இந்நூலின் அமைப்பாகிவிட்டது. 2013இல் வெளிவந்த ‘எனது பயணம்’ நூலில் தாய்க்கும் சகோதரிக்கும் தனி இடம் கொடுத்ததைக் காணும்போது, ஆசிரியரும் இவ்விடைவெளியை உணர்ந்திருப்பார் என்றே கருதத் தோன்றுகிறது.

இராமநாதபுரத்தில் அவர் சேர்ந்தது சுவார்ட்சு உயர்நிலைப் பள்ளி. 18ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் கல்விப் பணி ஆற்றிய செருமானிய லுத்தரன் குருவானவரின் பெயரைத் தாங்கியது. சம்சுதீனும் ஜலாலுதீனும் உடன்சென்று சேர்த்துவிட்டு வந்தனர். புதிய இடம் அவருக்கு ஒட்டவில்லை. கிடைத்த வாய்ப்பிலெல்லாம் வீட்டுக்கு ஓடத் துடித்ததை மறைக்காமல் எழுதுகிறார். கணித ஆசிரியர் இராமகிருஷ்ண ஐயரிடம் வகுப்பார் முன்னிலையில் பிரம்படி பட்டதும், பின்னர் கணக்கில் முழு மதிப்பெண் பெற்றபோது அவரே பள்ளி மாணவர் அனைவர் முன்பும் அதை எடுத்துச் சொல்லிப் பாராட்டியதும் உண்டு. ஆனால் பையனை அங்கே வேரூன்றச் செய்தவர் அய்யாதுரை சாலமோன் என்னும் ஆசிரியர். மாணவனின் மனத்தில் உள்ள விருப்பத்தை அவர் பொருட்படுத்தினார். வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் தேவைப்படுவது கட்டடமல்ல, அங்கே தன்னை அறிந்துகொள்ளும் ஒரு மனிதர் என்பதை இவ்விரு ஆசிரியர்களையும் அடுத்தடுத்து வைத்தே நூல் உணர்த்திவிடுகிறது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’. 1897 சனவரியில் அவர் டர்பனில் இறங்கியபோது இரு புதல்வரும் சகோதரியின் மகனும் உடன் வந்தனர். வெள்ளையர் பள்ளியில் சலுகையாக இடம் கிடைத்திருக்கும். மற்ற இந்தியப் பிள்ளைகளுக்கு இல்லாத சலுகையைத் தம் பிள்ளைகளுக்கு ஏற்க அவர் உடன்படவில்லை. மாதம் ஏழு பவுனுக்கு ஓர் ஆங்கில ஆசிரியை வீட்டுக்கு வந்தார். எஞ்சிய பாடத்தைத் தாமே கற்பிக்க முயன்றார். பொதுப்பணி அவருடைய நேரத்தை விழுங்கியது. ஏட்டுக் கல்வி குறைந்துவிட்டதைப் புதல்வர்கள் குறையாகச் சொன்னதையும் அவர் ஒளிக்கவில்லை. ஆயினும் விடுதலை உணர்வையும் தன்மானத்தையும் அவர்கள் பெற்றனர் என்று தம் முடிவை நியாயப்படுத்துகிறார்.

மூத்தவர் ஹரிலால் 1888இல் பிறந்தவர். 1911இல், இருபத்து மூன்றாம் வயதை ஒட்டி, தந்தையைப் பிரிந்து தென்னாப்பிரிக்காவிலிருந்து அகமதாபாத் வந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். சிறுவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்த அந்த இளைஞர் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறவில்லை. பிற்கால வாழ்வு சிதைந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று கூறுவது நீதியாகாது. ஆனால் தன்வரலாற்று இலக்கியத்தில் உண்மைக்கு இலக்கணமாகக் கருதப்படும் அந்நூலில், இந்நிகழ்ச்சி ஓரிரு வரிகளில் கடந்துபோகிறது. தந்தையின் வாதம் விரிவாக இருக்கிறது. மகன் என்ன நினைத்துப் பள்ளி வாசலில் நின்றார் என்பது இல்லை.

இரு நூல்களையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. இரு தந்தையரும் பிள்ளைகள்பால் அன்புள்ளவர்கள். இருவரும் உயர்ந்த நெறியில் நின்றவர்கள். வேறுபாடு நெறியில் இல்லை. கேட்கப்படும் வேளையில் இருக்கிறது. ஒருவர் மகன் கேட்டபோதே வழிவிட்டார். ஆகவே மகனுக்கு அந்த வீடு திரும்பி வரும் இடமாக நிலைத்தது. மற்றவர் தம் கொள்கையின் நிறைவுக்காகக் காத்திருந்தார். மகன் வெளியேறியது பிரிவாக முடிந்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் எனப் போதிக்கிறது. வீட்டில் கற்பிக்கும் குடும்பங்கள் இதனை மகிழ்வோடு மேற்கோள் காட்டுவதுண்டு. அதே அறிக்கை, இப்பணிக்குச் சமுதாயம் முழுவதின் துணையும் வேண்டும் என்று கூறுவதை நாம் மறந்துவிடலாகாது. முதன்மை என்பது உரிமைப் பத்திரமன்று, தொடங்கிவைக்கும் பொறுப்பு. இசுலாமிய வீட்டில் தொடங்கிய கலாமின் கல்வி, லுத்தரன் குருவின் பெயரால் அமைந்த பள்ளி வழியே, 1950இல் திருச்சியில் இயேசு சபையாரின் புனித வளனார் கல்லூரிக்கு வந்தது. எந்த இடத்திலும் அவர் தம் வீட்டை இழக்கவில்லை.

நம்மைக் கேட்ட குடும்பத்திடம் வழிகள் இல்லாமல் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் சேராத அல்லது இடையில் நின்ற, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவும், மற்றவரோடு இணையாக வரச் சிறப்புப் பயிற்சி அளிக்கவும் வகை செய்கிறது. எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பதினான்கு வயது நிறைந்தவர் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் வழியே பத்தாம் வகுப்புத் தேர்வும் எழுதலாம். வயதின் விளிம்பில் நிற்பதால் காலம் கடத்தாமல் முதல் வழியை நாடுவதே நலம் என்று சொன்னோம். ஆனால் வழிகளை வரிசைப்படுத்திக் காட்டியது நம் கடமையின் பாதிதான். மற்றப் பாதி, அவற்றுள் ஒன்றைத் தேரும் உரிமை அப்பெண்ணுக்கு உண்டு என்பதைப் பெற்றோரிடம் எடுத்துரைத்தது.

தாய்க்கு அது எளிதாயிருக்கவில்லை. ஐந்தாண்டு உழைப்பை யாரோ திருத்தப் போவதைப் போல அவர் வருந்தினார். அந்த வருத்தத்தைத்தான் ‘அக்கினிச் சிறகுகள்’ எழுதாமல் விட்டுவிட்டது என்று அவரிடம் கூறினோம். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பிறகு, முதல் சில வாரங்கள் மாலை வேளையில் மகளோடு உட்கார்ந்து, பள்ளியில் நடந்ததைக் கேட்கப் போவதாகவும், தாம் பாடம் சொல்லப் போவதில்லை என்றும் சொன்னார்.

மகள் ஊர்ப் பள்ளியையே தேர்ந்தாள், ஒன்பதாம் வகுப்பு. காரணம் கேட்டோம். பக்கத்து வீட்டுத் தோழி அங்கே படிக்கிறாள் என்றாள். பெரியவர்கள் நாங்கள் எவரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.