கணக்கில் வராத கரண்ட்

கெங்குவார்பட்டித் தோப்புகளில் மோட்டார் போட ஆள் போக வேண்டியதில்லை. ஸ்டார்ட்டரை ‘ஆட்டோ’வில் விட்டால் மும்முனை கரண்ட் (த்ரீ பேஸ்) எந்நேரம் வந்தாலும் தானே ஓடும். தண்ணீர் வரப்பு தாண்டினாலும் ஓடும். இதை விவசாயியின் ஊதாரித்தனம் என்பவர்கள், கொடைக்கானல் மலையடிவாரத்தில் பாம்புக்கும் பன்றிக்கும் நடுவே நடுராத்திரியில் மோட்டார் ரூமுக்கு நடந்து பார்க்கட்டும்.

இலவச மின்சாரம் சும்மா வந்ததல்ல. 1970இல் கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட உழவர்களில் மூவர் பெருமாநல்லூரில் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லோருக்கும் கட்டணம் நீங்கியது. மஞ்சளாற்று அணைத் தண்ணீர் எட்டாத மேட்டுக்காடு தென்னையும் மாவுமாக நிற்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. கமலை மாட்டாலும் டீசலாலும் அது ஆகியிருக்காது.

ஆனால் இந்தச் சலுகை ஆளின் வறுமையைப் பார்த்துப் போவதில்லை, போர்வெல்லின் ஆழத்தைப் பார்த்துப் போகிறது. ஆயிரம் லிட்டரை 300 அடியிலிருந்து ஏற்ற, மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய அரை யூனிட் ஆகும். 30 அடிக் கிணற்றுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். பில் வராததால் அந்த வித்தியாசம் யாருக்கும் உறைப்பதில்லை. வசதியுள்ளவர் ஆழப் போர் இறக்க, பக்கத்துக் காட்டுக் கிணறு வற்றுகிறது. அங்கேயும் கரண்ட் இலவசம்தான், இறைக்கத்தான் ஒன்றுமில்லை.

கம்பியின் மறுமுனையில் வேறொரு கதை. லோயர் கேம்ப் நீர்மின் நிலையத்தில் பெரியாற்றுத் தண்ணீர் டர்பைனைச் சுழற்றுவது உண்மைதான், மாநிலத்தின் தேவைக்கு அது சொற்பம். ஒடிசாவின் தால்சேர் நிலக்கரி கப்பலேறி வந்து தூத்துக்குடியில் எரிகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் முக்கால் கிலோ. சாம்பலும் புகையும் அந்த ஊர்க்காரர்களுக்கு.

சூரிய பம்ப்செட் புகையையும் ராத்திரி நடையையும் ஒழிக்கும், கிணற்றை நிரப்பாது. செலவில்லாத வெயில் இன்னும் ஆழமாக உறிஞ்சத்தான் தூண்டும். குஜராத் 2003இல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் வயல்களுக்குத் தனி மின்பாதை போட்டு, நேரம் சொல்லி எட்டு மணி நேரம் கொடுத்தார்கள். இங்கும் பகலில் அப்படிக் கிடைத்தால் ‘ஆட்டோ’வுக்கு அவசியமே இல்லை.

நேரத்தைப் போலவே அளவும் தெரிய வேண்டும். ஆனால் மீட்டர் என்றாலே அடுத்து பில் வரும் என்று விவசாயிகள் பயப்படுகிறார்கள். பெருமாநல்லூரை நினைத்தால் அந்தப் பயம் தப்பில்லை. இலவசம் தொடரட்டும், மீட்டரை மோட்டாரில் வைக்காமல் டிரான்ஸ்பார்மரில் வைக்கலாம். இன்று பெரும்பாலான இணைப்புகளுக்குக் குதிரைத்திறனை வைத்து உத்தேசமாகத்தான் அரசு மின்வாரியத்துக்குப் பணம் கட்டுகிறது. வழியில் கம்பியில் கரைவதும் திருட்டுப் போவதும் விவசாயி கணக்கிலேயே ஏறிவிட இதில் இடமிருக்கிறது. அளந்து பார்த்தால் முதலில் சங்கடப்படுவது அவராக இருக்காது.