மூச்சைக் குறைத்தால் முதுமை விலகுமா?

ஆக்சிஜனை விட்டுவிட்டுக் குறைத்தால் முதுமையில் இதயமும் மூளையும் பலப்படும் என்கிறார்கள். அடிப்படை பொய்யில்லை. 1986-ல் நாய்களின் இதய ரத்தக்குழாயை ஐந்தைந்து நிமிடம் நான்கு முறை அடைத்துத் திறந்தார்கள். பிறகு நீண்ட நேரம் அடைத்தபோது சேதம் கால்வாசிதான்.

ஆனா அளவுதான் எல்லாமே. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் இதே ஆக்சிஜன் குறைவுதான். அது ரத்த அழுத்தத்தை ஏத்துது. இந்தக் கட்டுரைகள் அதை ஓரமாகச் சொல்லிவிட்டு நகர்வதுதான் என் குறை.

தர்மபுரியில் அப்பா இதற்கு ஆசைப்படுகிறார். பலத்த குறட்டைக்காரர். "ராத்திரி பூரா அதைத்தானேப்பா செய்றீங்க?" என்றேன். முதலில் தூக்கப் பரிசோதனை. பிறகு வத்தல்மலை ஏறட்டும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் பத்தில் ஒரு பங்குதான் குறையும், பலன் நடைக்குத்தான்.