ஊசிக்கு முன்னால் இன்ஹேலர்

ஆஸ்துமா என்றால் மூச்சுக்குழல் தசை இறுகுவது என்பது பாதி உண்மைதான். உட்சுவர் வீங்கிச் சளி அடைப்பதற்குக் காரணம் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் அளவுமீறிய வேகம். அதைக் குறிவைக்கும் உயிரியல் ஊசிகள், 2003இல் ஒமாலிசுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றதிலிருந்து பெருகிவருகின்றன. தடுப்புக்கென்றே போடப்பட்டுவந்த பென்ராலிசுமாப்பை, நோய் முற்றித் தாக்கும் வேளையிலேயே ஒற்றை ஊசியாகப் போட்டுப் பார்த்த பிரிட்டன் ஆய்வு ஒன்று 2024 இறுதியில் வெளிவந்தது. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 74 விழுக்காட்டினருக்கு 90 நாளுக்குள் சிகிச்சை பலிக்காமல் போனது. ஊசி போட்டவர்களில் அது 45. பல பத்தாண்டுகளாக மாத்திரையைத் தாண்டாத சிகிச்சைக்கு இது பெரிய நகர்வு. ஆனால் பங்கேற்றவர்கள் 158 பேர்தான். எல்லாருமே ரத்தத்தில் இயோசினோஃபில் அணுக்கள் கூடியவர்கள்.

நூற்பாலைகள் நிறைந்த ராஜபாளையத்தில் இடறுவது அந்த நிபந்தனைதான். பஞ்சைப் பிரிக்கும் புளோரூமிலும் சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் பறக்கும் பஞ்சுத் தூசியில், பருத்தியில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களின் நச்சும் சேர்ந்தே இருக்கிறது. அது பெரும்பாலும் தூண்டுவது வேறொரு வகை வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்களை; இந்த ஊசி அழிக்கும் இயோசினோஃபில்களை அல்ல. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சை இறுக்கும் பஞ்சுநோயான பிசினோசிஸ், 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் அறிவிக்கவேண்டிய நோய்ப் பட்டியலிலேயே இருந்தது. அதற்கு முதல் மருந்து தூசி உறிஞ்சும் இயந்திரம். மில் தொழிலாளிக்கு அசல் ஆஸ்துமா வராதா என்றால், வரும். இரண்டும் சேர்ந்தும் வரும். ஆனால் குடற்புழு இருந்தாலும் இயோசினோஃபில் ஏறும் என்பதால், நம் ஊரில் அந்த ஒரு ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி விலையுயர்ந்த ஊசியை எழுதிக்கொடுக்க முடியாது.

எதிர்ப்பு மண்டலத்தின் வேகத்தை அடக்கும் மலிவான மருந்து நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: இன்ஹேலரில் உறிஞ்சும் ஸ்டீராய்டு. உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் இந்தியர்கள். ஆஸ்துமா இறப்புகளிலோ நம் பங்கு 40 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இந்த இடைவெளிக்கு ஊசி இல்லாதது காரணமல்ல. வீசிங் வந்தால் நெபுலைசர், அடங்கியதும் மறந்துவிடுவது என்ற பழக்கமே பெருங்காரணம். உடனடி நிவாரணம் தரும் சால்பூட்டமாலை மட்டும் நம்பக்கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019லேயே சொல்லிவிட்டது. அந்த மருந்து தசையைத் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. ‘இன்ஹேலர் பழகிவிடும், ஸ்டீராய்டு உடம்பைக் கெடுக்கும்’ என்ற அச்சம் படித்தவர்களிடமும் உண்டு. ஆனால் அதே ஆட்கள், தாக்குதல் வந்ததும் பிரெட்னிசலோனை நாளுக்கு 40 மில்லிகிராம் விழுங்குகிறார்கள்; இன்ஹேலரில் இருப்பதோ சில நூறு மைக்ரோகிராம். ஏழைக்கு மலிவு மருந்து, வசதிக்காரருக்குப் புது மருந்தா என்று கேட்டால், கேள்வி நியாயம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் நெசவாளருக்கும் அந்த ஊசி தேவைப்படலாம். இன்ஹேலரை முறையாக, தவறாமல் உறிஞ்சியும் தாக்குதல் நிற்காத சிறுபகுதியினருக்கே அது உரியது. அவர்கள் யாரென்று பிரித்தறிய, மற்ற எல்லாருக்கும் முதலில் இன்ஹேலர் தடையின்றிக் கிடைக்க வேண்டும். அதை உறிஞ்சும் முறையைச் செவிலியர் செய்துகாட்டியிருக்கவும் வேண்டும்.