மாற்றுமுன் கண்டறிக: ஒரு நெறியின் பயனும் வரம்பும்

கணினி பழுதானால், குறையைக் கண்டறிந்த பிறகே பாகத்தை மாற்ற வேண்டும் என்பது பழைய நெறி. சோதிக்கும் வரிசைமுறைதான் அதற்கு உயிர் என்பேன். ஓடிக்கொண்டிருக்கும் கணினி திடீரென அணைந்தால், ராம் சரியாக அமராதிருக்கலாம், பிராசசர் சூடேறியிருக்கலாம், பவர் சப்ளை தளர்ந்திருக்கலாம், மதர்போர்டே கெட்டிருக்கலாம். இடிமின்னலும் ஈரக்காற்றும் மிகுந்த ஜொகூரில் இவற்றில் எதையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆகவே செலவில்லாததையும் திரும்பச் சரிசெய்யக்கூடியதையும் முதலில் பார்த்து, விலை உயர்ந்ததைக் கடைசியில் தொடுவதே அறிவுடைமை.

அறிகுறியை மட்டும் நம்புவதன் ஆபத்தை 2024இல் இன்டெல் விவகாரம் காட்டியது. அந்நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில் விளையாட்டுகள் பாதியில் நின்றன. திரையிலோ வீடியோ நினைவகம் போதவில்லை என்ற செய்தி வந்தது. அதை நம்பி கிராபிக்ஸ் கார்டை மாற்றியவரின் பணம் வீண்தான். மிகையான மின்னழுத்தத்தால் பிராசசரே நிலைகுலைந்திருந்தது. ஆகஸ்ட் மாதம் இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. பிழையைச் சரியாக இனங்கண்டவருக்கே அந்த உத்தரவாதம் பயன்படும்.

சோதனைக் கருவிகளே தவறலாமே என்பது வலுவான மறுப்பு. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்குகளை ஆராய்ந்து 2007இல் கூகுள் வெளியிட்ட ஆய்வில், செயலிழந்தவற்றுள் பாதிக்கும் மேல் டிஸ்கு தன்னைத்தானே கண்காணித்துத் தரும் நான்கு முக்கிய ஸ்மார்ட் எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. விட்டுவிட்டு வரும் பிழையும் ஒரு மணி நேரச் சோதனையில் சிக்காமல் போகும். இவ்வரம்பை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பழுது என்று கருவி காட்டினால் அது சான்று. பழுதில்லை என்று காட்டினால் அது உறுதிமொழி ஆகாது. ஆகவே எந்தச் சோதனைக்கும் முன்னால் கோப்புகளைப் படியெடுத்து வைப்பது கட்டாயம். பாகத்தின் விலையைவிடச் சோதனைக் கூலி அதிகம் என்பது அடுத்த மறுப்பு. ஆனால் கடையில் இருக்கும் நல்ல ராமைப் பொருத்திப் பார்ப்பதும் சோதனையே. புதியதை வாங்கிப் பொருத்துவதுதான் ஊகம். தரவு மையங்களின் பெருந்தேவையால் 2025 இறுதியில் நினைவக விலை எகிறியது. அத்தகைய மையங்கள் செடெனாக்கிலும் கூலாயிலும் எழுந்துவரும் ஜொகூரிலேயே மலிவான பாகம் என்ற வாதம் வலுவிழந்துவிட்டது. தவறான ஊகத்தின் சுமை பணத்தோடு முடிவதுமில்லை: கழற்றி எறியும் மின்னணுப் பாகங்கள் மலேசியாவின் 2005ஆம் ஆண்டுக் கழிவு விதிமுறையில் எஸ்டபிள்யூ 110 என்ற அபாயக் கழிவு வகையில் அடங்கும்.

சேவையில் நியாயமான கவனமும் திறனும் இருக்க வேண்டும் என்பது மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. கடைகள் சோதனைக்குத் தனிக் கட்டணம் வாங்கட்டும். கண்டதை எழுதித் தரட்டும். வாடிக்கையாளரும் அக்கட்டணத்தைத் தயங்காமல் கொடுத்து, எந்தச் சான்றின்பேரில் இந்தப் பாகத்தை மாற்றுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். பதில் சொல்ல முடியாத கடையில் பாகம் வாங்காதீர்கள்.