நாற்பதாயிரம் ரூபாய் சிலேட்டு

192 பக்க லாங் சைஸ் நோட்டு உங்கள் ஊரில் என்ன விலை? கடைக்குக் கடை மாறும். ஒரு கணக்குக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதாயிரம் ரூபாய்க்கு 666 நோட்டு வரும். மாதம் ஒன்று வீதம் எழுதித் தீர்த்தாலும் ஐம்பத்தைந்து வருஷம் ஓடும். அதற்குள் எழுதுகிறவர் தீர்ந்துபோவார்.

பி.காம். படித்தவனிடம் புதுச் சாமான் எதைக் கொடுத்தாலும் அவன் கை முதலில் கால்குலேட்டருக்குத்தான் போகும். இப்போது கணக்குப் போட வைத்தது, எழுதுவதற்கென்றே வந்திருக்கும் ஈ-இங்க் டேப்லெட். கிண்டில் பார்த்திருப்பீர்கள். அதே சாம்பல் நிற ஸ்கிரீன்தான். ஆனால் நோட்டுப் புத்தகம் அளவுக்குப் பெரிசு, கூடவே ஒரு பேனா. பாட்டு, வீடியோ, வாட்ஸப் எதுவும் கிடையாது. விலை மட்டும் நல்ல லேப்டாப்பின் விலை. நண்பர் ஒருவர் வாங்கியதைப் பத்து நாள் இரவல் பெற்றேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். சொல்லப்போகிற நிறை குறைகள் இந்த ரகம் முழுவதற்கும் ஏறக்குறையப் பொருந்தும்.

உள்ளே நடப்பது சுவாரஸ்யமான சங்கதி. தலைமுடி கனத்தில் லட்சக்கணக்கான நுண்குமிழ்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துகள், கறுப்புத் துகள் இரண்டும் மிதக்கின்றன. ஒன்றுக்கு நேர் மின்னூட்டம், மற்றதற்கு எதிர். அடியிலிருந்து மின்சாரத்தைக் காட்டினால் ஒன்று மேலே வரும், மற்றது அடியில் போய் உட்காரும். வந்தது வந்தபடி அப்படியே நிற்கும். நிற்பதற்கு மின்சாரம் வேண்டாம். அதனால்தான் பேட்டரி நாள் கணக்கில், சில கருவிகளில் வாரக் கணக்கில் வருகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் ஜேக்கப்சனும் இரண்டு மாணவர்களும் ஆரம்பித்த வேலை, 1997-ல் கம்பெனியாகி, 2009-ல் தைவான்காரர்கள் கைக்குப் போனது.

படிப்பதற்கு இது போதும். எழுதுவதற்குப் போதாது. பேனா ஓடினபிறகு கோடு பின்னால் நொண்டிக்கொண்டு வந்தால் யாருக்கு எழுதப் பிடிக்கும்? நார்வேயின் ரிமார்க்கபிள் கம்பெனி 2017-ல் விற்ற முதல் கருவியில் இந்தத் தாமதம் 55 மில்லி செகண்ட். 2020-ல் வந்த இரண்டாவதில் 21. கண்ணுக்குத் தெரியாத இந்த 34 மில்லி செகண்டில்தான் மொத்த வியாபாரமும் இருக்கிறது. 2022-ல் அமேசானும் பேனாவோடு ‘கிண்டில் ஸ்க்ரைப்’ கொண்டுவந்துவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, எழுதும்போது கிடைக்கிற சுகம் அசல். கண்ணாடிமேல் வழுக்குகிற உணர்வே இல்லை. பேனா முனையையும் மேற்பரப்பையும் வேண்டுமென்றே லேசாக உரசும்படி செய்திருக்கிறார்கள். விளைவு, முனை தேய்கிறது. அடிக்கடி எழுதுகிறவர் சில வாரங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அந்த முனையையும் அவர்களே பாக்கெட் போட்டு விற்கிறார்கள். எப்படி யோசிக்கிறார்கள் பாருங்கள்!

ஏ.சி. அறையில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். அதனால் உச்சி வெயிலில் பார்க்கிறதென்று திருவரங்குளத்துக்கு எடுத்துப் போனேன். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற வழி. உளுந்து ரகங்களுக்குப் பேர்போன வம்பனுக்கு முன்னாலேயே இறங்கிவிட வேண்டும். இங்கே ஹரதீர்த்தேஸ்வரர் கோயில் இருக்கிறது. சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ள கோயில். பக்கத்துப் பொற்பனைக்கோட்டையோடு சேர்த்து இந்த ஊருக்குப் பொன்னாலான பனைமரம் பற்றி ஒரு கதையும் உண்டு. பனையோலையில் எழுதிய ஜனங்களுக்குப் பனை பொன்னாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

வெயிலில் என் செல்போன் ஸ்கிரீன் கறுத்துப்போய் என் முகத்தையே காட்டியது. டேப்லெட்டோ வெயில் ஏற ஏறப் பளிச்சென்று தெரிந்தது. காகிதம் மாதிரியே மேலே விழுகிற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித்தானே இது வேலை செய்கிறது. கல்லில் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ மாதிரி தெரிந்ததை வைத்துப் பார்த்து, எழுத்து எழுத்தாக வரைந்தேன். நான் கல்வெட்டு ஆய்வாளன் இல்லை. ஆனாலும் ஒன்று உறைத்தது. அந்த எழுத்தில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் காட்டுவதில்லை. படிக்கிறவர்தான் இடம் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டும். பொதுவாக இந்த வட்டாரக் கோயில்களில் கல்லில் வெட்டி வைத்திருப்பது கவிதை இல்லை. நிலம் விற்றது, தானம் கொடுத்தது, வரியைத் தள்ளியது. நம்ம டிபார்ட்மென்ட்! கோயில் சுவர்தான் பேரேடு. அழிக்க முடியாத பேரேடு.

இதைக் கச்சிதமாகச் சொன்னவர் அந்த ஊரில் இருக்கும் நண்பரின் பெரியப்பா. எழுபத்தைந்தைத் தாண்டியவர். கர்ணம் வேலை பார்த்து, 1980-ல் அந்தப் பதவியையே அரசு ஒழித்தபோது வீட்டுக்கு வந்தவர். டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். கட்டம் போட்ட பக்கம் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். சர்வே நம்பர், பரப்பு, பயிர் என்று ஒரு பக்கம் அடங்கல் எழுதினார். அச்சு அசலாக அந்தக் காலத்துக் கை. ‘லை’யில் கொம்பு யானைத் துதிக்கையாகத் தலைக்கு மேலே வளைந்து நின்றது. 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்ததெல்லாம் அவர் கைக்கு இன்னும் தெரியாது.

எழுதி முடித்துவிட்டு, “தம்பி, தப்பா எழுதிட்டா என்ன செய்றது?” என்றார். பேனாவைத் திருப்பித் தேய்த்தால் அழியும் என்று காட்டினேன்.

“தடம் தெரியாதா?”

“தெரியாது பெரியப்பா. எழுதவே இல்லாத மாதிரி ஆயிடும்.”

“அப்ப கணக்குக்கு ஆவாது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எத்தனை விமர்சனங்கள் படித்தாலும் இந்த ஒரு வரி கிடைக்காது. கணக்கில் தப்பு வந்தால் அடிக்க வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும், அடித்தது படிக்கிற மாதிரி தெரிய வேண்டும். எங்களுக்கு முதல் வருஷமே சொல்லிக் கொடுத்த பாடம். நம் அரசுக்கும் இது தெரியும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதிவு நிறுத்த முடியாதபடி இருக்க வேண்டும் என்று விதி. நாற்பதாயிரம் ரூபாய்க் கருவியில் அந்தத் தடம் இல்லை. மாணவனுக்கோ கவிஞருக்கோ அது சௌகரியம். ரிப்போர்ட்டருக்கு அது ஆபத்து. எவனாவது வழக்குப் போட்டால், பேட்டியின்போது எழுதிய குறிப்பு என்று இதை நீட்டினால், அன்றைக்கு எழுதியதா நேற்று ராத்திரி எழுதியதா என்று எதிர்க் கட்சி வக்கீல் கேட்பார். நோட்டில் மை மங்கியிருக்கும், முந்தின பக்கத்தின் அழுத்தம் தெரியும். அவை எல்லாமே சாட்சி.

“இதுல கையெழுத்துப் போட்டா செல்லுமா?” என்று அடுத்து கேட்டார் பெரியவர். வெறுமனே கிறுக்குகிற கையெழுத்து, சட்டம் சொல்கிற மின்னணுக் கையொப்பம் ஆகாது. உயிலை 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் தன் எல்லைக்குள்ளேயே சேர்க்கவில்லை. சொத்து எழுதிவைக்க நினைக்கிறவர்கள் காகிதத்துக்கே போங்கள்.

தமிழுக்கு வருவோம். நம் கையெழுத்தை அச்சு எழுத்தாக மாற்றித் தருவது இந்தக் கருவிகளின் பெரிய விளம்பரம். ஆங்கிலத்தில் என் கோழிக் கிறுக்கலைக்கூடச் சரியாகப் படித்தது. தமிழில்? மொழிப் பட்டியலைத் தலைகீழாகத் தேடினேன், இல்லை. பேராசையில் ‘அம்மா’ என்று எழுதி மாற்றச் சொன்னேன். இரண்டு ஆங்கில எழுத்தும் ஒரு ஆச்சரியக்குறியும் வந்தன. ஆச்சரியக்குறி எனக்குச் சேர வேண்டியது.

தமிழ் கஷ்டமான எழுத்து என்று சமாதானம் சொல்லிவிட முடியாது. ஹெச்.பி. நிறுவனத்தின் பெங்களூர் ஆய்வகம், பேனாவால் எழுதிய தமிழை மெஷினுக்குக் கற்றுக்கொடுக்க மாதிரிகள் சேகரித்தது. 247 எழுத்தும் தேவைப்படவில்லை. கொம்பும் காலும் தனித்தனியே நிற்பவை, அவற்றைப் பிரித்துக்கொள்ளலாம். கு, கூ, மு, மூ போல ஒட்டிக்கொண்டவற்றைத்தான் தனி வடிவமாகப் படிக்க வேண்டும். ஆக 156 வடிவங்கள் போதும் என்று முடிவு செய்தார்கள். பெங்களூரிலும் நம்ம சேலத்திலும் பள்ளிப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை எழுதிக் கொடுத்தார்கள். 2006-ல் அதை வைத்து ஒரு சர்வதேசப் போட்டியே நடந்தது. 2015-ல் கூகுள், செல்போனில் விரலால் தமிழ் எழுதினால் படிக்கிற வசதியை இலவசமாகவே கொடுத்தது.

எனவே வித்தை தெரியாமல் இல்லை. தமிழில் எழுதுகிறவன் நாற்பதாயிரம் கொடுத்து வாங்குவானா என்ற சந்தேகம்தான். வியாபாரியாக யோசித்தால் அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. வாங்குகிறவராக யோசித்தால் இல்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் மூன்று வருஷக் குறிப்பில் ஒரு பெயரைத் தேடினால் நொடியில் கிடைத்துவிடும். அதே பணம் கொடுத்த நீங்கள் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். பாதிப் பொருளுக்கு முழு விலை!

இன்னொரு விஷயத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார். எழுதியது எங்கே இருக்கிறது? கருவிக்குள் ஒரு பிரதி, கம்பெனியின் சர்வரில் ஒரு பிரதி. சில கம்பெனிகள் முழு வசதிக்கு மாதச் சந்தா கேட்கின்றன. சந்தாகூடப் பரவாயில்லை. 2009-ல் உரிமைத் தகராறு வந்தபோது அமேசான், வாசகர்கள் காசு கொடுத்து வாங்கியிருந்த நாவல் ஒன்றை அவர்கள் கிண்டிலுக்குள் புகுந்து அழித்தது. என்ன நாவல் தெரியுமா? சர்வாதிகாரம் பற்றி ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’! பள்ளி வீட்டுப்பாடத்துக்காக அதில் குறிப்பு எழுதிவைத்திருந்த அமெரிக்க மாணவன் ஒருவனுக்குக் குறிப்பெல்லாம் எந்த வரிக்கு எழுதியது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றன. வழக்குப் போட்டு, அமேசான் பணம் கொடுத்துத் தீர்த்தது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை இழுத்து மூடியது. புத்தகக் காசு வாபஸ். பக்க ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். மனுஷன் யோசித்து எழுதியதற்கு மார்க்கெட்டில் விலை நிர்ணயம் ஆனது அப்படித்தான்.

திருவரங்குளத்துக் கல்லும் தனியாக நின்று நம்மிடம் வந்து சேர்ந்துவிடவில்லை. மைப்படி எடுத்து, ஆள் உட்கார்ந்து படித்து, புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளை அச்சிட்டுப் புத்தகமாகப் போட்டது. ஓலைக்கும் அதே கதை. பழசு உளுத்துப் போகும்முன் யாராவது புது ஓலையில் பார்த்து எழுதினால் பிழைக்கும், இல்லையென்றால் பூச்சிக்கு. ஈ-இங்க் மட்டும் விதிவிலக்கா என்ன?

வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். நாள் முழுக்க ஆங்கிலத்தில் குறிப்பெடுக்கிற வேலை, மூட்டை மூட்டையாகப் பி.டி.எஃப். திருத்துகிற வேலை இருந்தால், ஆபீஸ் காசு கொடுத்தால், தாராளமாக வாங்குங்கள். புரூஃப் பார்க்க இதைவிட நல்ல சாமான் நான் பார்த்ததில்லை. கண் எரிச்சலே இல்லை. நடுவில் போன் வந்து கவனத்தைக் கலைப்பதில்லை. கல்லூரிப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்க நினைக்கிறவர்கள் தமிழ் வரும்வரை பொறுங்கள். வாங்கியே விட்டவர்கள், மாதா மாதம் எழுதியதைப் பி.டி.எஃப். ஆக்கி உங்கள் சொந்த டிஸ்க்கில் போட்டுவையுங்கள். அந்த வசதி எல்லாக் கருவியிலும் இருக்கிறது, சந்தா இல்லாமலே.

பெரியவர் எழுதிய அடங்கல் பக்கத்தை அப்படித்தான் எடுத்தேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு, அவருக்கு ஒன்று கொடுத்தனுப்பினேன். இரண்டு நாள் கழித்து நண்பரிடமிருந்து போன். தாளை வாங்கிப் பார்த்தவர் ஒரு சர்வே நம்பரை அடித்துவிட்டு, மேலே சரியானதை எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு வைத்திருக்கிறாராம்.